பாட்டு வருவது பிறவியிலா... பயிற்சியிலா?

நவராத்திரி நேரத்தில் கொலு வைத்திருக்கும் எந்த வீட்டுக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். சுண்டலும் தாம்பூலமும் கைக்கு வருவதற்கு முன்பே, "யாராவது ஒரு பாட்டு பாடுங்களேன்" என்று வீட்டுக்கார அம்மா கேட்பார். அதுவரை கலகலப்பாக இருந்த கூடம் சட்டென்று அமைதியாகிவிடும். ஒருவர், "இன்னிக்குத் தொண்டை சரியில்லை" என்பார். இன்னொருவர் பக்கத்தில் இருப்பவரைக் கை காட்டுவார். அவரோ, "எனக்கெல்லாம் பாட்டே வராதுங்க. எங்க அக்காதான் நல்லா பாடுவா. அவளுக்கு அது பிறவியிலேயே வந்தது" என்று முடித்துவிடுவார். கடைசியில், ஒவ்வொரு வருடமும் பாடும் அதே ஒருவர்தான் பாடுவார்.

'எனக்குப் பாட்டு வராது' என்பதை, 'என் உயரம் ஐந்தடி' என்பதுபோல மாற்றவே முடியாத ஒன்றாகச் சொல்கிறோம். 'எனக்கு சைக்கிள் ஓட்ட வராது' என்று ஒருவர் சொன்னால், "கத்துக்கிட்டா வந்துடும்" என்போம். பாட்டு விஷயத்தில் மட்டும் அப்படிச் சொல்வதில்லை. உண்மையில் பாடும் திறன் பிறவியிலேயே வருகிறதா, பழகினால் வருமா?

இந்தக் கேள்விக்கு ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னால் பாதி தப்பாகிவிடும். 'பாட்டு' என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்வதற்குள் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, குரலின் நிறம். இரண்டாவது, ஸ்ருதியிலும் தாளத்திலும் நிற்பது. மூன்றாவது, பாட்டின் உணர்வைக் கேட்பவருக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. இந்த மூன்றும் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை.

'கற்காத' பாடகரின் 13 வருடப் பயிற்சி

பிறவித் திறமை என்ற பேச்சு வந்தாலே, பலரும் சொல்லும் முதல் பெயர் எஸ்.பி.பாலசுப்ரமணியம். முறையாகக் கர்னாடக சங்கீதம் கற்றுக்கொள்ளாதவர். இன்ஜினீயரிங் படிக்கப் போனவர். அப்படிப்பட்டவர், ஒரு சங்கீத வித்வானின் கதையைச் சொல்லும் 'சங்கராபரணம்' படத்தில் அந்த வித்வானுக்காகப் பாடினார். 1979-ம் ஆண்டுக்கான சிறந்த பின்னணிப் பாடகர் தேசிய விருதும் அந்தப் படத்துக்காகவே அவருக்குக் கிடைத்தது. 'பார்த்தீர்களா, கற்றுக்கொள்ளாமலே பாடிவிட்டார்' என்பதற்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டுமா?

கதையின் இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். எஸ்.பி.பி-யின் தந்தை எஸ்.பி.சாம்பமூர்த்தி, ஹரிகதை கலைஞர். கதையும் பாட்டும் கலந்த அந்தக் கலை வீட்டிலேயே இருந்தது. நடக்கத் தொடங்கிய வயதிலிருந்து ராகங்கள் காதில் விழுந்துகொண்டே இருந்தன. யாரும் பலகை போட்டு உட்காரவைத்து ஸரிகம சொல்லித்தரவில்லையே தவிர, காதுக்கு வகுப்பு தினமும் நடந்தது.

அடுத்தது சினிமா. எஸ்.பி.கோதண்டபாணியின் இசையில் அவரது முதல் தெலுங்குத் திரைப்பாடல் பதிவானது 1966 டிசம்பரில். தமிழில் 'அடிமைப் பெண்', 'சாந்தி நிலையம்' படங்களின் பாடல்கள் 1969-ல் வந்தன. 'சங்கராபரணம்' வந்தபோது அவர் ஏறக்குறைய 13 வருடங்களை ஒலிப்பதிவுக் கூடங்களில் கழித்திருந்தார். இசையமைப்பாளர் ஒருமுறை பாடிக்காட்டுவார். அதை உடனே பிடிக்க வேண்டும். அந்தக் காலத்தில் இசைக்கலைஞர்கள் அத்தனை பேரும் கூடவே வாசிக்க, பாட்டு முழுதாகப் பதிவாகும். ஒருவர் தவறினால், எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதைவிடக் கண்டிப்பான வகுப்பு எங்கே இருக்கிறது?

'சங்கராபரணம்' பாடல்களையும் அவர் நேராக மைக் முன் போய் நின்று பாடிவிடவில்லை. இசையமைப்பாளர் கே.வி.மகாதேவனின் உதவியாளர் புகழேந்தி, அந்தப் பாடல்களை எஸ்.பி.பி-க்குச் சொல்லிக்கொடுத்துத் தயார்செய்தார். ஆக, சங்கீத வகுப்புக்குப் போகாதவர் என்பது உண்மை; பயிற்சி இல்லாதவர் என்பது உண்மையில்லை.

கே.ஜே.யேசுதாஸின் பாதை வேறு. தந்தை அகஸ்டின் ஜோசப், பாடகர், மேடை நடிகர். முதல் குருவும் அவரே. பிறகு திருப்பூணித்துறை ஆர்.எல்.வி இசைப்பள்ளி, திருவனந்தபுரம் சுவாதித் திருநாள் இசைக்கல்லூரி என்று முறையாகப் படித்தார். சினிமாவில் பெரிய பெயர் வாங்கிய பிறகும், செம்பை வைத்தியநாத பாகவதரிடம் சிஷ்யராகப் போய் உட்கார்ந்தார். பி.சுசீலாவும் விஜயநகரம் இசைக்கல்லூரியில் படித்துத் தேறியே சினிமாவுக்கு வந்தவர்.

ஒருவர் வகுப்பறையில் கற்றார். இன்னொருவர் ஒலிப்பதிவுக் கூடத்தில் கற்றார். கற்றுக்கொள்ளாமலே வந்தவர் என்று இவர்களில் யாரையும் சொல்ல முடியாது.

ரத்தமா... வீடா?

'பாட்டு அவங்க ரத்தத்திலேயே இருக்கு' என்று சில குடும்பங்களைப் பற்றிச் சொல்வோம். எம்.எஸ்.சுப்புலட்சுமியின் தாய் மதுரை சண்முகவடிவு, வீணைக் கலைஞர். பாட்டி அக்கம்மாள், வயலின் வாசித்தவர். எம்.எஸ்-ஸின் முதல் இசைத்தட்டு 1926-ல், அவருடைய 10 வயதில் வந்தது. லதா மங்கேஷ்கரின் தந்தை தீனாநாத் மங்கேஷ்கர், மராத்தி மேடையில் புகழ்பெற்ற பாடகர்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. பாடும் அம்மாவிடமிருந்து பிள்ளைக்கு மரபணுவும் போகிறது. அதே அம்மா காலையில் சாதகம் செய்வதையும் அந்தப் பிள்ளை தினமும் கேட்கிறது. பாட்டு எந்த வழியாக வந்தது என்று எப்படிப் பிரிப்பது?

இதைப் பிரித்துப் பார்க்க விஞ்ஞானிகள் நாடுவது இரட்டையர்களை. ஒரே கருமுட்டையிலிருந்து பிறந்த இரட்டையர்களுக்கு மரபணு முழுக்க ஒன்றே. தனித்தனிக் கருமுட்டையிலிருந்து பிறந்தவர்களுக்கு ஏறக்குறைய பாதி மட்டுமே பொது. இரண்டு வகையினரும் ஒரே வீட்டில் வளர்கிறார்கள். முதல் வகையினரின் பாட்டு எவ்வளவு ஒத்துப்போகிறது, இரண்டாம் வகையினரின் பாட்டு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று ஒப்பிட்டால், மரபணுவின் பங்கையும் வீட்டின் பங்கையும் கணக்கிடலாம்.

ஆஸ்திரேலியாவில் இரட்டையர்கள் 1,189 பேரைப் பாடவைத்து நடந்த இப்படியொரு ஆய்வு 2022-ல் வெளியானது. 'நான் நல்லா பாடுவேன்' என்று அவர்கள் சொன்னதை வைத்து முடிவுசெய்யாமல், ஸ்ருதி எவ்வளவு துல்லியமாக இருக்கிறது என்று அளந்து பார்த்தார்கள். மனிதர்களுக்கிடையே இருக்கும் பாடும் திறன் வேறுபாட்டில் சுமார் 41 சதவிகிதத்துக்கு மரபணு காரணம் என்று தெரிந்தது. சேர்ந்து வளர்ந்த சூழலின் பங்கு, சுமார் 37 சதவிகிதம். இரண்டும் கிட்டத்தட்ட சமம்!

இதை, 'என் பாட்டில் 41 சதவிகிதம் அப்பா கொடுத்தது' என்று புரிந்துகொள்ளக் கூடாது. ஒரு கூட்டத்தில் சிலர் நன்றாகவும் சிலர் சுமாராகவும் பாடுவதற்கான காரணங்களின் கணக்கு இது. தனி ஒருவரின் குரலைக் கூறுபோடும் கணக்கு கிடையாது. இதே ஆய்வு சொன்ன இன்னொரு தகவல், பெற்றோர் கவனிக்க வேண்டியது. சின்ன வயதில் வீட்டில் குடும்பத்தோடு சேர்ந்து பாடியவர்களும், இசை சூழ வளர்ந்தவர்களும் நன்றாகப் பாடினார்கள். கச்சேரி செய்யும் குடும்பமாக இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. வாய்விட்டுப் பாடும் வீடாக இருந்தால் போதும்.

தொண்டைக்குள் என்ன நடக்கிறது?

கழுத்தின் முன்பக்கம் விரலை வைத்து 'ம்ம்ம்' என்று சொல்லிப் பாருங்கள். ஓர் அதிர்வு தெரியும். குரல்வளைக்குள் இருக்கும் இரண்டு சிறிய மடிப்புகளின் அதிர்வு அது. குரல் நாண்கள் என்று இவற்றைச் சொல்வார்கள். ஆண்களுக்கு இவை சுமார் 2 சென்டிமீட்டர் நீளம். பெண்களுக்கு அதைவிடக் குறைவு. நுரையீரலிலிருந்து வரும் காற்று இவற்றை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அதிரவைக்கிறது. இழுத்துப் பிடித்தால் ஸ்ருதி மேலே போகும். தளர்த்தினால் கீழே வரும்.

அங்கே பிறப்பது வெறும் ரீங்காரம்தான். தொண்டை, வாய், மூக்கு என்று மேலே இருக்கும் அறைகளில் அது எதிரொலித்து வரும்போது ஒவ்வொருவருக்கும் ஒரு குரல் அமைகிறது. இந்த அறைகளின் அளவும், குரல் நாண்களின் நீளமும் தடிமனும் பிறவியில் வருபவை. ஜேம்ஸ் வசந்தன் குரலையும் மலேசியா வாசுதேவன் குரலையும் கண்ணை மூடிக்கொண்டே பிரித்துச் சொல்ல முடிவது இதனால்தான். எத்தனை வருடம் பயிற்சி செய்தாலும் ஒருவர் இன்னொருவரின் குரலைப் பெற முடியாது.

ஆனால், அந்த நாண்களை எந்த அளவு இழுத்தால் 'ப' வரும், எந்த அளவு தளர்த்தினால் 'ம' வரும் என்பது யாருக்கும் பிறவியில் தெரிந்திருப்பதில்லை. அந்தத் தசைகள் கண்ணுக்குத் தெரியாது. கையால் தொட்டுச் சரிசெய்யவும் முடியாது. பாடிப் பார்த்து, காதால் கேட்டு, தவறைத் திருத்தி, மறுபடி பாடிப் பார்த்துத்தான் மூளை இதைக் கற்றுக்கொள்கிறது. குழந்தை பேசக் கற்பதும் இதே வழியில்தான்.

காது சரியாகத்தான் இருக்கிறது!

'எனக்கு ஸ்ருதியே பிடிபடாது. காதே சரியில்லை' என்பது பலரின் முடிவு. அப்படி நிஜமாகவே இசை பிடிபடாதவர்கள் இருக்கிறார்கள். அம்யூசியா என்று இதற்குப் பெயர். இவர்களுக்குக் காது நன்றாகக் கேட்கும், பேச்சு நன்றாகப் புரியும். ஆனால், ஒரு மெட்டுக்கும் இன்னொரு மெட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. பக்கத்தில் ஒருவர் அபஸ்வரமாகப் பாடினால்கூட உறுத்தாது. மக்கள்தொகையில் 4 சதவிகிதம் பேர் இப்படி என்று முன்பு கருதப்பட்டது. கனடாவின் இசபெல் பெரெட்ஸ் குழு 2017-ல் வெளியிட்ட கணக்கின்படி இது 1.5 சதவிகிதம்தான். நூறு பேரில் ஒருவர் அல்லது இருவர்.

மற்றவர்களின் கதை என்ன? ஆய்வாளர்கள் பீட்டர் ஃபோர்ட்ரெஷரும் ஸ்டீவன் பிரவுனும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், ஸ்ருதி தவறிப் பாடியவர்களில் பெரும்பாலானவர்கள் ஸ்வர வித்தியாசத்தைக் காதால் சரியாகவே கண்டுபிடித்தார்கள். தவறு காதில் இல்லை. கேட்டதைத் தொண்டைக்குக் கொண்டுபோகும் வழியில் இருந்தது. 2012-ல் கனடாவில் வெளியான இன்னொரு ஆய்வில், ஒரு ஸ்வரத்தைக் கேட்கவைத்து, அதைக் குரலால் பிடிக்கச் சொன்னார்கள். பிறகு கையால் நகர்த்தும் ஒரு கருவியால் அதே ஸ்வரத்தைப் பிடிக்கச் சொன்னார்கள். குரலில் தவறியவர்கள்கூட கருவியில் சரியாகப் பிடித்தார்கள்.

இதற்கு வீட்டிலேயே சாட்சி இருக்கிறது. டி.வி-யில் ஒரு போட்டியாளர் லேசாக ஸ்ருதி விலகியதும், "ஐயோ, போச்சு!" என்று சொல்லும் அப்பாவைப் பாருங்கள். அவருக்குப் பாடத் தெரியாது. ஆனால், விலகியது தெரிகிறது. அப்படியென்றால் அவர் காதில் ஸ்ருதி இருக்கிறது. தொண்டைக்குத்தான் பழக்கம் இல்லை.

'நீ சும்மா வாயை மட்டும் அசை'

பள்ளி ஆண்டு விழாவுக்கு குரூப் சாங் ஒத்திகை நடக்கும். ஒரு குழந்தையின் குரல் மட்டும் தனியாகக் கேட்கும். "நீ பின்வரிசைக்குப் போ. சும்மா வாயை மட்டும் அசை, போதும்" என்று அந்தக் குழந்தையிடம் சொல்லப்படும். சொன்னவர் அன்றே மறந்துவிடுவார். கேட்ட குழந்தை 50 வயதிலும் மறந்திருக்காது.

இந்த ஒரு வரியின் விலை என்ன? அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்டீவன் டெமொரெஸ்ட், ஃபோர்ட்ரெஷருடன் சேர்ந்து 2015-ல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் தருகிறது. மழலையர் வகுப்புக் குழந்தைகள், ஆறாம் வகுப்பு மாணவர்கள், கல்லூரி மாணவர்கள் என மூன்று வயதினரையும் பாடவைத்தார்கள். மழலையர் வகுப்பிலிருந்து ஆறாம் வகுப்புக்கு வரும்போது ஸ்ருதிசுத்தம் நன்றாகக் கூடியிருந்தது. கல்லூரி மாணவர்களோ சில பயிற்சிகளில் மழலையர் வகுப்புக் குழந்தைகளின் அளவுக்கே பாடினார்கள்! பள்ளியில் பாட்டு வகுப்பு இருந்தவரை திறமை வளர்ந்தது. பாடுவதை நிறுத்தியதும் அது இறங்கிவிட்டது.

பிறவியில் முடிவாகிவிடும் திறமையாக இருந்தால், வயதோடு இப்படி ஏறி இறங்காது. 'வாயை மட்டும் அசை' என்று சொல்லி நிறுத்தப்படும் குழந்தை, வளர்ந்துகொண்டிருக்கும் வயதில் பயிற்சியை இழக்கிறது. பத்து வருடம் கழித்து அது நிஜமாகவே சுமாராகப் பாடும். 'அன்னிக்கே சொன்னேன்ல' என்று சொன்னவர் பக்கம் நியாயம் இருப்பதுபோலத் தெரியும்.

நம் ஊரில் நிலைமை எப்போதும் இப்படி இருந்ததில்லை. நாற்று நடும் வயலில், 'நீ பாடு, நீ பாடாதே' என்று யாரும் பிரித்ததில்லை. தாலாட்டு பாடாத தாயும், துக்க வீட்டில் ஒப்பாரி பாடாத பாட்டியும் அரிதாகவே இருந்தார்கள். கொல்லங்குடி கருப்பாயியும் பரவை முனியம்மாவும் அப்படிப்பட்ட மண்ணிலிருந்து வந்தவர்களே. வயலிலும் திருவிழாவிலும் எல்லோரும் பாடிய ஊரில், நன்றாகப் பாடுபவர்கள் மேலே எழுந்து வந்தார்கள். மற்றவர்களும் பாடுவதை நிறுத்திக்கொள்ளவில்லை. இன்று பாட்டைக் கேட்பது நம் வேலை, பாடுவது யாரோ சிலரின் வேலை என்று பிரித்துவிட்டோம். காதில் ஹெட்போன் இருக்கும் நேரம் கூடிவிட்டது. வாய் திறந்து பாடும் நேரம், குளியலறையோடு முடிந்துவிடுகிறது.

சரளி வரிசை ஏன் மெதுவாகத் தொடங்குகிறது?

கர்னாடக சங்கீத வகுப்பில் சேரும் குழந்தைக்கு முதலில் கற்றுத்தரப்படுவது மாயாமாளவகௌளை ராகத்தில் சரளி வரிசை. பாட்டே இல்லை, வெறும் ஸ்வரங்கள். பிறகு ஜண்டை வரிசை, அலங்காரம் என்று போகும். இந்தப் பாட வரிசையை வகுத்தவர் புரந்தரதாசர் என்பது மரபு. "எப்ப சினிமா பாட்டு சொல்லித் தருவீங்க?" என்று குழந்தைகள் சலித்துக்கொள்ளும் கட்டம் இதுதான்.

இந்த வரிசையின் அமைப்பைக் கவனித்தால், பாடத் தெரியாத தொண்டைக்கு என்ன தேவையோ அத்தனையும் அதில் இருக்கிறது. தம்புராவோ ஸ்ருதிப் பெட்டியோ இடைவிடாமல் ஒலிப்பதால், விலகினால் உடனே தெரியும். ஒவ்வொரு ஸ்வரமாக, படிப்படியாக ஏறி இறங்குவதால் தொண்டை தாவ வேண்டியதில்லை. கையில் ஆதி தாளம் ஓடுவதால் காலம் தவறாது. முதல் காலத்தில் மெதுவாகப் பாடி, அது படிந்த பிறகே இரண்டாம் காலம், மூன்றாம் காலம்.

இந்த 'மெதுவாக' என்பதில்தான் சூட்சுமம். 2007-ல் வெளியான கனடா ஆய்வு ஒன்றில், இசைப்பயிற்சி இல்லாத சாதாரண மக்களைப் பாடவைத்தார்கள். எல்லோருக்கும் தெரிந்த ஒரு பாட்டை வேகத்தைக் குறைத்துப் பாடச் சொன்னதும், பெரும்பாலானவர்களின் ஸ்ருதிப் பிழைகள் வெகுவாகக் குறைந்தன. பாட்டு வாத்தியார்கள் தலைமுறை தலைமுறையாகச் சொன்ன, 'அவசரப்படாதே, முதல் காலத்தில் பாடு' என்பதும் இதுவே.

பயிற்சியால் முடியாதவை

'யார் வேண்டுமானாலும் எம்.எஸ் ஆகலாம்' என்று சொன்னால் அது பொய். இரட்டையர் ஆய்வில் மரபணுவின் 41 சதவிகிதத்தையும் மறக்கக் கூடாது. ஒரே வகுப்பில், ஒரே ஆசிரியரிடம், ஒரே நாளில் சேர்ந்த இரண்டு குழந்தைகளில் ஒன்று ஒரு மாதத்தில் பிடிப்பதை, இன்னொன்று ஆறு மாதத்தில் பிடிக்கும். குரலின் நிறத்தை மாற்ற முடியாது. எவ்வளவு மேலே போகலாம், எவ்வளவு கீழே இறங்கலாம் என்ற எல்லையைப் பயிற்சியால் ஓரளவு விரிக்கலாம், உடைக்க முடியாது.

அந்த எல்லைக்குள் பயிற்சி என்ன தரும்? ஸ்ருதியில் நிற்பது, மூச்சை அளந்து செலவழிப்பது, தொண்டையை இறுக்காமல் மேல் ஸ்தாயிக்குப் போவது, சொற்களைத் தெளிவாக உச்சரிப்பது, தாளம் தவறாமல் இருப்பது ஆகிய ஐந்தும் பழக்கத்தால் வருபவை. கூட்டத்தில் கூச்சமில்லாமல் ஒரு பாட்டு பாடுவதற்கும், பேரக்குழந்தைக்குத் தாலாட்டு பாடுவதற்கும், கோயில் பஜனையில் கலந்துகொள்வதற்கும் இந்த ஐந்து போதும்.

டி.வி. நிகழ்ச்சிகளில் எட்டு வயதுக் குழந்தை கடினமான பாட்டை அநாயாசமாகப் பாடும்போது, 'பிறவி ஞானம்' என்று வியக்கிறோம். அந்தக் குழந்தை காலை 5 மணிக்கு எழுந்து செய்யும் சாதகம் திரையில் வருவதில்லை. நமக்குக் காட்டப்படுவது முடிவு மட்டுமே. இதைப் பார்த்துவிட்டு, "நீயும் இருக்கியே" என்று வீட்டுக் குழந்தையிடம் சொல்வது, வாயை மட்டும் அசைக்கச் சொல்வதன் இன்னொரு வடிவம்.

40 வயதில் தொடங்கலாமா?

தாராளமாக! மேடையேற வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதவர்களுக்கு வயது ஒரு தடையே இல்லை. தொடங்குபவர்கள் கவனிக்க வேண்டியவை சில:

உங்கள் கட்டையைக் கண்டுபிடியுங்கள்: பாடகரின் ஸ்ருதியிலேயே பாட முயல்வதுதான் பலரும் செய்யும் முதல் தவறு. ஆண்கள் பெரும்பாலும் 1 கட்டையை ஒட்டியும், பெண்கள் 4½ முதல் 5½ கட்டை வரையிலும் பாடுவது வழக்கம். கீழ் பஞ்சமமும் மேல் பஞ்சமமும் சிரமமில்லாமல் வரும் இடம் எதுவோ, அதுவே உங்கள் கட்டை. மொபைலில் இலவச ஸ்ருதிப் பெட்டி ஆப்கள் நிறைய கிடைக்கின்றன.

'ஸ' பிடித்து நில்லுங்கள்: ஸ்ருதியைப் போட்டுவிட்டு, ஒரே ஒரு 'ஸ'வை மூச்சு முடியும் வரை நீட்டிப் பாடுங்கள். குரல் ஸ்ருதியோடு கரைந்து, இரண்டும் ஒன்றாகக் கேட்கும் தருணம் வரும். அது ஒருமுறை பிடிபட்டால் போதும், பிறகு விலகும்போது உங்களுக்கே தெரியும்.

பதிவுசெய்து கேளுங்கள்: மொபைலில் பதிவான சொந்தக் குரலைக் கேட்டதும், 'ச்சே... இதுவா என் குரல்?' என்று தோன்றும். நாம் பாடும்போது நம் குரல் மண்டையோட்டு எலும்புகள் வழியாகவும் காதுக்குப் போவதால், நமக்கு அது கனமாகக் கேட்கும். பதிவில் அந்தக் கனம் இருக்காது, அவ்வளவே. குரலைத் திட்டாமல், ஸ்ருதியை மட்டும் கவனியுங்கள்.

தினமும் 20 நிமிடம்: ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் பாடுவதைவிட, தினமும் 20 நிமிடம் நல்லது. தசைகளுக்கு இடைவிடாத பழக்கமே முக்கியம்.

தொண்டையை வதைக்காதீர்கள்: பாடும்போது வலித்தால் நிறுத்திவிடுங்கள். தண்ணீர் போதுமான அளவு குடியுங்கள். குரல் கம்மல் மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால், கஷாயத்தோடு நிறுத்தாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

பையன்களுக்குக் குரல் உடையும்போது கேலி வேண்டாம்: வளரிளம் பருவத்தில் ஆண் பிள்ளைகளின் குரல் ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். பழகிய தொண்டை புதிதாக மாறுவதால், நன்றாகப் பாடிக்கொண்டிருந்த பையனுக்குக்கூட சில காலம் ஸ்ருதி பிடிபடாது. 'பாட்டு போயிடுச்சு' என்று பலர் நிறுத்திவிடுவது இந்த வயதில்தான். மேல் ஸ்தாயிக்கு முக்காமல், வசதியான இடத்தில் மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தால் போதும், புதுக் குரல் பழகிவிடும்.

குழந்தைகளை முறையாகச் சேர்க்க நினைப்பவர்கள், தமிழக அரசின் கலை பண்பாட்டுத் துறை நடத்தும் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளை விசாரிக்கலாம். குரலிசை, தேவாரம், நாதஸ்வரம், தவில், பரதநாட்டியம் போன்றவை அங்கு கற்றுத்தரப்படுகின்றன.

குரல் பிறவியில் வருகிறது. அந்தக் குரல் ஸ்ருதியில் நிற்குமா என்பதைப் பெரும்பாலும் பழக்கம் தீர்மானிக்கிறது. அந்தப் பழக்கத்துக்கு வாய்ப்பு கிடைக்குமா என்பது, சின்ன வயதில் சுற்றியிருப்பவர்கள் சொல்லும் ஒரு வார்த்தையில் இருக்கிறது. உங்கள் வீட்டுக் குழந்தை இன்று ராத்திரி ஸ்ருதியில்லாமல் எதையாவது கத்திப் பாடிக்கொண்டிருந்தால், "சத்தம் போடாதே" என்று சொல்வதற்கு முன் ஒரு நிமிடம் யோசியுங்கள். முடிந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, அதே பாட்டைக் கொஞ்சம் மெதுவாக, நீங்களும் சேர்ந்து பாடுங்கள். இருவருக்குமே அது பயிற்சிதான்!